பழைய ஈயச் சிப்பாயா, புதுசா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பொள்ளாச்சி): எங்க அப்புச்சி வால்பாறையில ஒரு டீ எஸ்டேட்ல கணக்கு எழுதிட்டு இருந்தவருங்க. பங்களாவைக் காலி பண்ணிட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுட்டுப் போன பொம்மைச் சிப்பாய்கள் 14-ஐ ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டுக் கொண்டு வந்தாருங்க. சிவப்புச் சட்டை, கறுப்பு உரோமத் தொப்பி. அதுல ஒருத்தன் குதிரை மேல. கை மேலயும் கீழயும் அசையுது. இதோட இன்னும் வாங்கிச் சேர்த்து ஒழுங்கான சேகரிப்பா வைக்கணும்னு ஆசை. இப்ப வர்ற புதுசெல்லாம் அச்சு அசலா மனுசனாட்டவே இருக்குது. பழசைத் தேடறதா, புதுசுல போறதா?

பதில்: முதல் வேலை, அந்த 14-ஐயும் துடைக்காமல் அப்படியே வைத்திருங்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பளபளப்பாக்கலாம் என்று வீட்டில் யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள்.

கை அசைகிறது என்கிறீர்கள். அப்படியானால் அவை உள்ளே வெற்றிடம் உள்ள காரீய வார்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கோவைப் பக்கம் பவுண்டரியைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். பம்ப்செட் உறை வார்க்கும்போது உள்ளே காலியிடம் வேண்டுமென்றால் மணலில் கோர் செய்து அச்சுக்குள் வைப்போம். லண்டனில் வில்லியம் பிரிட்டன் பொம்மை நிறுவனம் (சுருக்கமாக பிரிட்டன்ஸ் என்பார்கள்) 1893-ல் கொண்டுவந்த முறையில் கோரே கிடையாது. காரீயமும் ஆன்டிமனி என்ற உலோகமும் கலந்து உருக்கிய குழம்பை உலோக அச்சில் ஊற்றுவார்கள். சுவரை ஒட்டியது இறுகிய உடனே அச்சைக் கவிழ்த்து நடுவில் இருக்கும் திரவத்தை வெளியே கொட்டிவிடுவார்கள். மெல்லிய ஓடு மட்டும் சிப்பாயாக நிற்கும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரை சந்தையைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் கெட்டி வார்ப்புகளை இந்த ஒரு கைவேலை ஓரங்கட்டியது. வார்ப்பு வேலை தெரிந்த ஊர்க்காரனாக, அந்தக் கைப்பக்குவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புதான். ஒரு நொடி முந்தினால் ஓடு கிழியும், ஒரு நொடி பிந்தினால் முழுக்க இறுகிவிடும்.

குதிரையின் வயிற்றுக்கு அடியிலும், சிப்பாய் நிற்கும் தட்டின் அடியிலும் பாருங்கள். பிரிட்டன்ஸ் பெயரோ, இங்கிலாந்தில் செய்தது என்ற வாசகமோ புடைப்பாக இருக்கலாம். ஆரம்ப காலப் பொம்மைகளில் இந்த எழுத்து இருக்காது என்பதால், இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். ஜான் ஹில், கிரெசன்ட் போன்ற வேறு ஆங்கிலேய நிறுவனங்களும் இதே முறையில் வார்த்திருக்கின்றன. கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளீடற்றது உருவத்துக்கு லேசாக இருக்கும், வார்க்கும்போது விட்ட சிறு துளை எங்காவது தெரியும். அதே உருவத்தைப் பிற்காலத்தில் ரப்பர் அச்சில் நகலெடுத்து வார்த்தால் பெரும்பாலும் கெட்டியாகவே வரும், கனக்கும். பழசு என்ற பெயரில் விற்கப்படுவதில் இந்த நகல்களும் கலந்து கிடக்கின்றன.

தலையையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கழுத்து முறிந்தால் தீக்குச்சியை உள்ளே செருகித் தலையைத் திரும்ப மாட்டுவது அந்தக் காலப் பிள்ளைகளின் வைத்தியம். கழுத்தில் குச்சி தெரிந்தால் விலை குறையும். ஆனால் அப்புச்சி கொண்டு வந்ததில் அப்படி ஒன்று இருந்தால் எடுத்துவிடாதீர்கள். அது அந்தப் பொம்மையின் கதை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழசும் புதுசும் ஒரே வரிசையில் நிற்காததற்கு முதல் காரணம் உயரம். பழைய பிரிட்டன்ஸ் 54 மில்லிமீட்டர். 173 சென்டிமீட்டர் ஆளை 32-ஆல் வகுத்தால் வரும் கணக்கு அது. இன்று கிங் அண்ட் கன்ட்ரி போன்ற நிறுவனங்கள் செய்யும் உலோகச் சிப்பாய்கள் 30-ல் ஒரு பங்கு அளவு, விளம்பரத்தில் 60 மில்லிமீட்டர் என்று போடுவார்கள். 6 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பழையவன் தம்பி போலவும் புதியவன் அண்ணன் போலவும் தெரிவார்கள். போதாததற்குச் சில விற்பனையாளர்கள் பாதத்திலிருந்து கண் வரைக்கும், சிலர் உச்சந்தலை வரைக்கும் அளக்கிறார்கள். தொப்பியோடு சேர்த்து அளந்து சொல்பவர்களும் உண்டு. வாங்குமுன் எங்கிருந்து எங்கே அளந்தது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பூச்சு. பழசு எனாமல் போலப் பளபளக்கும். முகத்தில் இரண்டு புள்ளி கண், கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். புதுசில் பெரும்பாலானவை மினுமினுப்பே இல்லாத பூச்சு. சட்டை மடிப்பில் நிழல், பூட்ஸில் சேறு, கன்னத்தில் இரண்டு நாள் தாடி வரை தீட்டுகிறார்கள். வேலைப்பாட்டில் புதுசுக்கே என் ஓட்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பழசு விளையாட்டுச் சாமானாகவும் புதுசு சிலையாகவும் தெரிந்து இரண்டுமே கெட்டுப்போகும்.

உங்கள் கையில் ஏற்கெனவே 14 இருக்கிறது. எனவே பழசிலேயே போங்கள். பெட்டி இல்லாத, பூச்சு தேய்ந்த உதிரிகளை ஒவ்வொன்றாக வாங்குங்கள். அட்டையில் நூலால் கட்டிய, அசல் சிவப்புப் பெட்டியோடு வரும் முழு செட்டுக்கு விலை எகிறும், ஆரம்பத்திலேயே அதில் இறங்க வேண்டாம். புதுசும் வேண்டும் என்று மனம் கேட்டால், இன்றும் 54 மில்லிமீட்டரில் பளபளப்பாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் அப்புச்சியின் சிப்பாய்களோடு ஒரே வரிசையில் நிறுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை. பழசின் விலை அதன் அசல் பூச்சில்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பழைய சாமான் கடை ஒன்றில் 6 காவல் சிப்பாய்களை முழு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அடித்ததில் 4 பேரின் சட்டைச் சிவப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது. பிற்காலத்தில் பூசியது. அந்தச் சின்ன விளக்கை நான் வாங்கப் போகும்போதே சட்டைப் பையில் வைத்திருந்திருக்க வேண்டும், இப்போது வைத்திருக்கிறேன். மூக்கு, தோள், தட்டின் விளிம்பு ஆகிய இடங்கள் தேயாமல் மற்ற இடம் மட்டும் பழுப்பேறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி (ஈரோடு): பிளாஸ்டிக் சிப்பாய்களைச் சேகரிப்பு என்று சொல்லலாமா? ஒட்டிச் சேர்க்கும் மாடல் கிட் செய்யும் ஆங்கிலேய நிறுவனமான ஏர்ஃபிக்ஸின் பழைய பாக்கெட்டுகள் கிடைக்கின்றன.

பதில்: தாராளமாக. 1959-லிருந்து ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட சிறிய சிப்பாய்களுக்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். பிரிட்டன்ஸ் நிறுவனமே 1966-ல் காரீயச் சிப்பாய்களை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக்குக்குப் போனது. 1971-ல் அவர்கள் கொண்டுவந்த டீட்டெய்ல் வரிசையில் உடல் பிளாஸ்டிக், அடித்தட்டு உலோகம். பழசில் நான் அடிக்கடி பரிந்துரைப்பது அதைத்தான், சாயாமல் நிற்கும், உடைவதும் குறைவு.

பழைய மென் பிளாஸ்டிக்கில் பார்க்க வேண்டியது துப்பாக்கி முனையும் கணுக்காலும். வெயில் பட்டு உலர்ந்த துண்டு, லேசாக வளைத்தாலே பட்டென்று ஒடியும். வளைத்துப் பார்க்கவும் கூடாது. எனவே எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். ஓட்டு வீட்டு அட்டத்தில் இருபது கோடை கிடந்தது என்றால் வேண்டாம். தொட்டால் பிசுபிசுப்பதும் வேண்டாம். அந்தப் பிசுக்கு பக்கத்தில் இருக்கும் மாடல் கிட் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும்.

கேள்வி (திருப்பூர்): "அசல் பழையது" என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 8 சிப்பாய்கள் வாங்கினேன். வந்தது கனமான புது வார்ப்பு. சேகரிப்புப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார் விற்றவர்.

பதில்: அந்தப் பதில் செல்லாது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் போலியையும் திரும்ப வாங்க மறுக்க விற்பனையாளருக்கு உரிமையில்லை. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

சாட்சிதான் முக்கியம். விளம்பரப் பக்கத்தை இப்போதே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடலாம். ஒவ்வொரு பொம்மையையும் நகைக்கடைத் தராசில் நிறுத்தி எடையோடு படம் எடுங்கள். ஆனால் விற்றவர் வியாபாரி அல்லாத தனிநபர், தன் வீட்டுப் பொருளை ஒரு தடவை விற்றவர் என்றால் நுகர்வோர் சட்டத்தில் உங்கள் பிடி தளர்ந்துவிடும். வாங்குமுன் பில் தருவாரா என்று கேட்பது அதற்காகத்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொம்மைகள் மீதான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, பிறகும் மாற்றங்கள் வந்தன. பொருளின் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் வாசலில் கூரியர்காரர் கேட்கும் தொகை திடுக்கிட வைக்கும். அன்றைய வரியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோபி): கண்ணாடி அலமாரியில் வைத்த ஈயச் சிப்பாய்களின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. ஈரமா? அப்புறம், கொலுவில் இவற்றை வைக்கலாமா? பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: அலமாரியைப் புதிதாகச் செய்தீர்களா? பிளைவுட்டா? கண்ணாடியை ஒட்டிய சிலிக்கானில் வினிகர் வாடை அடித்ததா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் காரணம் அங்கேதான். மரப்பலகையிலிருந்தும் அந்த ஒட்டுப் பசையிலிருந்தும் அமில ஆவி வரும். மூடிய அலமாரிக்குள் அது காரீயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும், அதனால்தான் சாரல் அடிக்கும் ஆடி மாதத்தில் அதிகம் தெரியும்.

பூத்தவற்றை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வெளித்திண்ணையில், முகக்கவசம் போட்டு, பழைய செய்தித்தாளின் மேல் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத் தாளோடு சுருட்டிப் போட்டுவிடுங்கள். அந்தப் பொடி நஞ்சு, வாயால் ஊதவே கூடாது. தண்ணீர், எலுமிச்சை, புளி எதுவும் படக்கூடாது. பித்தளைக்கு நல்லது இதற்குக் கேடு. பிறகு இரும்புச் சட்டமும் கண்ணாடியும் மட்டும் உள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். பவுடர் கோட்டிங் அடித்துக் கொடுப்பவர்கள் உங்கள் பக்கமே இருப்பார்கள்.

கொலுவுக்கு வேண்டாங்க. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள். அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. இந்தச் சிப்பாய் காரீயம். சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்தால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மேல் படியில் வைத்தாலும் ஏறி எடுத்துவிடுவார்கள். படியில் சிப்பாய் நின்றே ஆக வேண்டும் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பிளாஸ்டிக்கை வாங்கி நிறுத்துங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். புதிய உலோகச் சிப்பாய்கள் பல, பெரியவர்களின் சேகரிப்புக்கு என்று போட்டே வருகின்றன. பெட்டியில் அந்த வரி இருந்தால் பிள்ளைகள் கைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கோவை, கணபதி): நண்பர் பவுண்டரி வைத்திருக்கிறார். என்னிடம் உள்ள ஒன்றை மாதிரியாக வைத்து, பழைய பேட்டரி ஈயத்தில் 20 வார்த்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம். அதை உருக்கும்போது எழும் புகையும் தூசும் நண்பரையும் அவர் ஆட்களையும் சேர்த்துக் கெடுக்கும். வெள்ளீயம் மிகுந்த, காரீயம் கலக்காத வெள்ளை உலோகத்தில், புகை போகும் வசதியோடு, உங்கள் அலமாரிக்கு மட்டும் என்றால் பழைய சிப்பாயையே செய்து பார்க்கலாம். அது ஒரு புது நிறுவனத்தின் பதிப்புரிமையுள்ள உருவமாக இருந்தால் கூடாது. ஒவ்வொன்றின் தட்டுக்கு அடியிலும் வார்த்த வருடத்தை ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள்.