'நாளைக்கு' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. நன்றாகப் பேசுகிறாள். ஆனால் நேற்று, இன்று, நாளை மட்டும் பிடிபடவே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் பார்த்த திருவிழாவை 'நேற்றுப் போனோம்' என்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் 'நாளைக்கு' என்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை பொம்மையைக் கேட்டபோது, 'நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்லி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பொய் சொல்லப் பழகிவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது. மாமியாரோ 'புத்தி மந்தம்' என்கிறார். என் கணவர் துபாயில் வேலை செய்கிறார். தினமும் வீடியோ அழைப்பில் 'எப்போது வருவாய் அப்பா?' என்று கேட்பாள். அழக் கூடாதே என்று அவரும் 'நாளைக்கு' என்று சொல்லிவைப்பார். இவளுக்கு நாட்களைக் கற்றுக்கொடுக்க அட்டைகள், செயலிகள் ஏதாவது இருக்கின்றனவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: அட்டையும் வேண்டாம், செயலியும் வேண்டாம். 'அழக் கூடாதே என்று அவரும் நாளைக்கு என்று சொல்லிவைப்பார்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அவர் போய் எவ்வளவு காலம் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு தடவைக்கு மேல் அந்தக் குழந்தை 'நாளைக்கு' என்று கேட்டிருக்கிறாள். முந்நூறு தடவையும் விடிந்ததும் எழுந்து பார்த்திருக்கிறாள். அப்பா வரவில்லை.

சின்னக் குழந்தைக்கு யாரும் அகராதி வாசித்துக் காட்டுவதில்லை. ஒரு சொல் காதில் விழுந்ததும் அடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் அது பொருள் கண்டுபிடிக்கிறது. 'பால்' என்றால் டம்ளர் வருகிறது. 'டாட்டா' என்றால் யாரோ வாசலைத் தாண்டிப் போகிறார்கள். 'நாளைக்கு' என்றால்? பேச்சு முடிந்துவிடுகிறது, கேட்டது கிடைப்பதில்லை. ஆகவே 'மாட்டேன்' என்பதை எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்ளாமல் சொல்ல ஒரு சொல் இருக்கிறது என்று உங்கள் மகள் புரிந்துகொண்டாள். சாப்பாடு வேண்டாம், நாளைக்கு. பொம்மை தர மாட்டேன், நாளைக்கு. உங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதே பொருளில்தான் அவளும் பேசுகிறாள். இதற்குப் பொய் என்று பெயர் வைத்தால், அந்தப் பெயர் முதலில் யாரைச் சேரும்?

என் பேரனுக்கு ஊசி போடும்போதெல்லாம் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நாலாவது தடவை, ஊசியைக் காண்பதற்கு முன்பே, 'வலிக்காது' என்று நான் வாயெடுத்ததும் வீறிட்டு அழுதான். அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன்.

குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். 1978-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம், 'நீலத் தட்டு வேண்டாம், அந்தக் குரோமியம் தட்டை எடுத்து வா' என்றார்கள். அதன் நிறம் ஒரு மாதிரிப் பச்சை. 'குரோமியம்' என்ற சொல்லை அந்தக் குழந்தைகள் அதற்கு முன் கேட்டதில்லை. யாரும் விளக்கவும் இல்லை. அந்த ஒரு பேச்சிலேயே, அது நிறத்தைப் பற்றிய சொல் என்று பலர் பிடித்துக்கொண்டார்கள். ஒரே தடவைக்கு அப்படியென்றால், முந்நூறு தடவைக்கு?

போனில் பேசுவது எங்கே மனதில் பதியப்போகிறது என்றும் சொல்ல முடியாது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து, நேரில் கற்பது போலவே புதுச் சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிவு செய்த காட்சியைப் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் தன்னைப் பார்த்து, தான் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்கிறார் அல்லவா, அதுதான் வேறுபாடு. உங்கள் கணவர் திரையில் இருந்தபடியே தினமும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

திருவிழா 'நேற்று' ஆனதற்கு மருந்து தேட வேண்டாம். மாட்டை விரல் நீட்டிக் காட்டலாம், நேற்றைக் காட்ட முடியாது. இன்று 'நாளை' என்று சொல்வதற்கு விடிந்தால் 'இன்று' என்று பெயர் மாறிவிடுகிறது. போனது எது, வரப்போவது எது என்று முதலில் பிரிக்கத் தெரியும். எத்தனை நாள் தொலைவு என்பது பள்ளிக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழிந்துதான் திருந்தும். 'நேற்றுப் பிறந்த பிள்ளை' என்று இருபது வயதுக்காரனைச் சொல்கிறோமே, நாம் மட்டும் கணக்குப் பார்த்தா பேசுகிறோம்? இதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். 'மந்தம்' என்ற சொல்லையும் அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடும்பத்துக்காகக் கடல் கடந்து உழைக்கிறவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மாதா மாதம் பணம் அனுப்புவதோடு தகப்பனின் கடமை தீர்ந்துவிடாது. பெரியவர்களிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறோம். குழந்தையிடம் சொன்ன வாக்கு மட்டும் கணக்கிலேயே வராதா? அவள் அழுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்தச் சிரமத்தைக் குழந்தையின் தலையில் இறக்கிவைத்திருக்கிறீர்கள்.

இன்று முதல், மறுநாள் உறுதியாக நடக்கப்போவதற்கு மட்டும் 'நாளைக்கு' என்று சொல்லுங்கள். 'நாளைக்குத் தோசை' என்று சொன்னால் மறுநாள் தோசை ஊற்றியே ஆக வேண்டும். தட்டை வைக்கும்போது, 'நேற்றுச் சொன்னேனே, அந்த நாளை வந்துவிட்டது' என்று சொல்லுங்கள். தினசரி காலண்டரின் தாளை அவள் கையாலேயே கிழிக்கவிடுங்கள். 'இரண்டு தடவை தூங்கி எழுந்தால் பாட்டி வருவாள்' என்பது மூன்றரை வயதுக்கு நன்றாகப் புரியும். பொம்மை தர மனமில்லையா, 'இப்போது நான் விளையாடுகிறேன்' என்று நேராகச் சொல்லப் பழக்குங்கள்.

இன்று இரவு அழைப்பு வருவதற்கு முன் உங்கள் கணவரிடம் தனியாகப் பேசுங்கள். விடுமுறை எந்த மாதம் என்று தெரிந்தால் அந்தத் தாளில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். தெரியாது என்றால், 'அப்பாவுக்கே தெரியவில்லை கண்ணம்மா, தெரிந்த உடனே உனக்குத்தான் முதலில் சொல்வேன்' என்று அவர் வாயால் சொல்லட்டும். அவள் அழுவாள். அழட்டும். அவள் அழுது முடிக்கும் வரை அவர் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது.