பைப்பில் (விசைப்பலகையில் தட்டாமல் வேறு கட்டளை வழியாக) உள்ளீடு கொடுத்தால் என் நிரல் கடவுச்சொல்லில் நின்றுவிடுகிறது. பயனர் தட்டுவதுபோல் எப்படிச் சோதிப்பது?

மொரிசியஸ் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவு நிரல், பைத்தானில். பெயரை இன்புட் சார்பு வாங்குகிறது, கடவுச்சொல்லை, தட்டுவதைத் திரையில் காட்டாத கெட்பாஸ் சார்பு கேட்கிறது. அதுதானே?

"இன்புட்டுக்குப் பதில் போலிச் சார்பைச் செருகு" என்பார்கள். தவறென்று சொல்லவில்லை, கணக்குப் பகுதிக்கு அது போதும். உங்கள் கோளாறு டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில் இருக்கிறது. கெட்பாஸ் பைப்பைத் திரும்பியும் பார்க்காது, நேரே டெர்மினலைத் திறந்து படிக்கும். டெர்மினலே இல்லாத சர்வரில் மட்டும் எச்சரிக்கை காட்டிவிட்டு பைப்புக்கு இறங்கி வரும். அதே சோதனை அங்கே தேறி, உங்கள் கணினியில் நின்றுபோவது இதனால்தான்.

பொய் டெர்மினல் வேண்டும். பிஎக்ஸ்பெக்ட் என்ற பைத்தான் நூலகத்தை நிறுவி, நிரலைத் தொடங்கும் ஸ்பானை அழைக்கும்போதே என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் பைட்டுகளாக வரும். பிறகு கேள்வி வரும்வரை காத்திருக்க ஒரு எக்ஸ்பெக்ட், விடையை அனுப்ப ஒரு சென்ட்லைன். இரண்டு விடைகளையும் முன்கூட்டியே தள்ளிவிடாதீர்கள். எக்கோவை (தட்டுவதைத் திரையில் காட்டுவதை) அணைக்கும்போது, படிக்காமல் கிடக்கும் எழுத்துகளை கெட்பாஸ் துடைத்துவிடும். கடவுச்சொல்லும் அதோடு போகும், 30 விநாடியில் டைம்அவுட். ஒரு விநாடி காத்திருக்க ஸ்லீப் 1 போடலாமே என்று யாராவது வருவார்கள். இன்று தேறும், சர்வர் திணறும் நாளில் விழும். எக்கோவை அணைத்த பிறகே கெட்பாஸ் கேள்வியை அச்சிடுகிறது, ஆகவே கேள்வியைப் பார்த்துவிட்டு அனுப்பினால் எழுத்து தொலையாது.

அனுப்பிய பெயர் எக்கோவாகத் திரும்பியும் வரும். 'முத்துசாமி' என்று அனுப்பிவிட்டு 'முத்துசாமி'க்கே காத்திருந்தால், நிரல் உறைந்து கிடந்தாலும் சோதனை தேறிவிடும். 'பதிவானது' போல நிரலின் சொந்த வார்த்தைக்குக் காத்திருங்கள். வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியும் ஒட்டிக்கொண்டு வரும், ஒப்பிடுமுன் கழித்துவிடுங்கள்.

சோதனைப் பெயர் தமிழிலேயே இருக்கட்டும். முத்துசாமி கண்ணுக்கு 5 எழுத்து, யூடிஎஃப்-8இல் 30 பைட். தரவுக் களம் 20 பைட் என்றால் 'முத்து' 18ஐ எடுத்துக்கொள்ளும், 'சா' பாதியில் உடைந்து கேள்விக்குறியாகும். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியதற்காகப் போராடி நோட்டையே மாற்ற வைத்த மொரிசியஸ் இது. பெயரையே வெட்டும் நிரலை மட்டும் இங்கே யாரும் தட்டிக் கேட்பதில்லை. சரி, அது வேறு கதை.

பயனர் பாதியில் விட்டுப்போவதைச் சோதிக்க, உள்ளீடு முடிந்தது என்று அறிவிக்கும் சென்ட்இஓஎஃப். வரியின் தொடக்கத்தில் அனுப்புங்கள். நடுவரியில் அனுப்பினால் அதுவரை தட்டியதை மட்டும் நிரலிடம் தள்ளும், உள்ளீடு முடியாது.