மறுமொழி: ஸ்ட்ரைக் அவுட்டுக்காக மகனைக் கடிந்துகொள்ளும் பயிற்சியாளர்

வணக்கம். பேஸ்பால் ஆடும் 16 வயது மகன் பலமாக மட்டை சுழற்றி அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகிறான் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழக்கிறான்), "பந்தைத் தொட்டால் போதும்" என்று பயிற்சியாளர் கடிந்துகொள்கிறார் என எழுதியிருந்தீர்கள். அது பழைய எண்ணம். 2002இல் அமெரிக்காவின் மில்வாக்கி அணி, தன் வீரர் ஹோசே எர்னாண்டஸ் ஒரு பருவத்தில் அதிக முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் என்ற சாதனையை எட்டிவிடக் கூடாதென்று பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பல ஆட்டங்களில் அவரை உட்காரவைத்தது. அவ்வளவு அவமானமாகக் கருதினார்கள்! 2017இல் நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர் ஆரன் ஜட்ஜ் 208 முறை அப்படி வெளியேறினார். ஆனால் 52 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, சிறந்த அறிமுக வீரர் விருதையும் வென்றார்.

ஆனாலும் பள்ளி ஆட்டங்களில் தடுப்பாளர்கள் அதிகம் தவறவிடுவார்கள். அங்கே பந்தைத் தொடுவதற்கு மதிப்பு உண்டு. அவன் எந்தப் பந்துக்கு ஏமாறுகிறான் என்று கவனியுங்கள். ஸ்ட்ரைக் எல்லைக்கு (அடிக்கத் தகுந்த பந்து வரும் பகுதிக்கு) வெளியே போவதைத் துரத்துகிறான் என்றால், திருத்த வேண்டியது அதைத்தான். மட்டை சுழற்றும் வேகத்தை அல்ல.