1984 அமெரிக்க அதிபர் தேர்தலில் மினசோட்டா மாநிலம் மட்டும் ஏன் குடியரசுக் கட்சியின் ரீகனைத் தோற்கடித்தது?

சொந்த ஊர்ப் பாசம்தான் முதல் காரணம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வால்டர் மாண்டேல் மினசோட்டாக்காரர். அம்மாநில செனட்டராக இருந்து, பிறகு அதிபர் கார்ட்டரின் துணை அதிபரானவர். அப்படியும் அங்கே அவர் ஜெயித்தது வெறும் 3,761 வாக்குகளில்! பதிவானவையோ 20 லட்சத்துக்கும் மேல். வடகிழக்கில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதிகள் கைகொடுத்திராவிட்டால் அதுவும் போயிருக்கும்.

மாநிலம் அல்லாத தலைநகர் வாஷிங்டனும் மாண்டேலுக்கே வாக்களித்தது. மினசோட்டாவின் 10, வாஷிங்டனின் 3 என அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 13 தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் ஒதுக்கப்பட்ட, அதிபரை முடிவுசெய்யும் வாக்குகள்). மீதி 525-ம் ரீகனுக்கு!

அப்புறம், இதை வைத்து மினசோட்டா என்றைக்குமே ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். 1972-ல் குடியரசுக் கட்சியின் நிக்சன் அங்கே ஜெயித்திருக்கிறார்.