வீட்டுப் பத்திரம் அப்பாவிடமே இருக்கட்டும்

கேள்வி: சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்து இரண்டு வருடமாகத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அகதிகளுக்கான பணியில், உலக அளவில் தலைமைப் பொறுப்புக்கு வர ஆசை. லண்டனில் ஒரு வருட மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 38 லட்சம் ஆகும். வீட்டை அடமானம் வைக்க அப்பா தயார். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்: கடன் வாங்கிப் போக வேண்டாம், சகோதரி. நேரம் சரியில்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையமும் அதே வருடம் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்தது. பத்து, பதினைந்து வருடம் முகாம்களில் உழைத்தவர்களே இப்போது வேலை தேடுகிறார்கள். அவர்களோடு போட்டி போட ஒரு வருடப் பட்டம் போதாது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ‘தலைமை’ இருக்கிறது, என்ன வேலை என்பது இல்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து தப்பி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்றெல்லாம் சர்வதேச அளவுகோல் உண்டு. ஆனால் அவசரத்தில் தோண்டிய கழிப்பறைக் குழிகள் பல, ஆழமில்லாத அடிபம்புகளை ஒட்டியே அமைந்துவிட்டன. தண்ணீர் கெட்டது. கழிப்பறை இருந்த இடங்களிலும் பெண்கள் பொழுது சாயும்வரை போகாமல் அடக்கிக்கொண்டார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். இதை எண்ணிக்கைப் பட்டியல் காட்டாது. அவர்களோடு உட்கார்ந்து பேசுகிற ஒருத்திக்குத்தான் தெரியவரும். நீங்கள் படித்த படிப்புக்கு இதுதான் வேலை. ‘பாதுகாப்பு’ப் பிரிவு என்பார்கள்; காவல் வேலையல்ல, அகதிகளின் உரிமையையும் நலனையும் காக்கும் வேலை. அதில் கைதேர்ந்தவர்களைத்தான் பின்னால் பொறுப்பு தேடி வரும்.

உங்கள் ஊர் கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை! (கொஞ்சம் வருத்தம்தான் எனக்கு.) அகதிகளின் உரிமைகளைச் சொல்லும் 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்படியென்றால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எந்தக் காகிதத்தை நம்பி வேலைக்கு மனுப் போடும்? அதைக் கற்றுக்கொண்டால் எந்த நாட்டு முகாமிலும் உதவும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984-ல் தொடங்கிய சந்திரஹாசனும் இலங்கையிலிருந்து வந்தவர்தான். அதை நடத்தியதிலும் அகதிகளே பெரும்பங்கு. முகாமுக்குள் போக அனுமதி தேவை. இப்படிப்பட்ட அமைப்பு வழியாக முயலுங்கள்.

கூடவே பிரெஞ்சோ அரபியோ படியுங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள், ஐ.நா. வேலைக்கென்று எவராவது பணம் கேட்டால் மோசடி.

லண்டனை மறக்கச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது, உங்களுக்கு இருக்கிறது. முழுச் செலவும் அவர்களுடையது. முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இங்கே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிடைத்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுங்கள்.