கரண்ட் போச்சுன்னு இங்கிலீஷ்ல சொன்னா புரியுமா?

கேள்வி: எம் மவன் போட்டித் தேர்வுக்குப் படிக்கான், எப்பப் பாத்தாலும் கரண்ட் அஃபயர்ஸ்னே சொல்லுகான். பேங்க்குக்குப் போனா கரண்ட் அக்கவுண்டாங்காங்க. நமக்கு கரண்ட்னா லைட்டு எரியுறதுதானே, எதுங்க சரி?
- வாசகி, தக்கலை

பதில்: எல்லாமே சரிதாம்மா. லத்தீன்ல ‘ஓடு’ங்கிற சொல்லுல இருந்து வந்தது இது. கம்பியில ஓடுனா மின்சாரம், கடல்ல ஓடுனா நீரோட்டம், நாட்டுல இப்ப ஓடிட்டிருக்க சங்கதின்னா உங்க மவன் படிக்கது. கரண்ட் அக்கவுண்ட்ல கடைக்காரங்க தினமும் போடுவாங்க எடுப்பாங்க, பணம் ஓடிக்கிட்டே கிடக்கும், ஆனா வட்டி கிடையாது பாத்துக்கிடுங்க, வட்டி வேணும்னா சேவிங்ஸ்தான்.

நாமதான் இந்த வார்த்தைய கரண்டாபீசுக்கே எழுதிக் குடுத்துட்டோம். ஆரல்வாய்மொழில காத்தாடி சுத்துறதும் கரண்டுக்கு, கோதையாறு பவர் ஹவுஸும் கரண்டுக்கு. வெளிநாட்டுக்காரர்கிட்ட கரண்ட் போச்சுன்னா முழிப்பாரு, பவர் போச்சுன்னு சொல்லணும். கரண்ட் பில்லு இன்னும் வம்பு, அவரு காதுல அது ‘இந்தத் தவண பில்லு’ன்னு விழும், எதுக்கு உள்ள பில்லுன்னு திருப்பிக் கேப்பாரு, அதனால எலக்ட்ரிசிட்டி பில்னே சொல்லிருங்க. கீசருக்கு 5 ஆம்ஸ் பத்தாது, 15 ஆம்ஸ் பிளக் வைக்கணும்னு எலக்ட்ரீஷியன் சொல்லுவாரே, அதான் அசல் கரண்ட் கணக்கு.

கடக்கரை ஆளுகளுக்கு இவ்வளவு வெளக்கமே வேண்டாம், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குன்னு பாத்துத்தான் வலையே விடுவாங்க, அந்த நீவாடும் கரண்ட்தான். அதுல ஒண்ணு ரிப் கரண்ட், கரைக்கு ஏறுன அலைத்தண்ணி ஒரு ஒடுக்கமான வழியா வேகமா கடலுக்குள்ள திரும்புறது, பாக்க அந்த இடம் அலையில்லாம சாதுவா இருக்கும், அதுலதான் ஆளுக ஏமாந்து எறங்குறது. மாட்டிக்கிட்டா கரையப் பாத்து எதுத்து நீந்தக்கூடாது, கைதான் ஓயும், கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வந்து அப்புறம்தான் கரைக்குத் திரும்பணும். இத மவன்கிட்ட சொல்லி வைங்க, பரீட்சைல வராட்டியும் பரவால்ல.

கேள்வி: கேக் செய்முறைல அரை கப் கரண்ட்னு போட்டிருக்கே, இது என்ன கூத்து?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஷாக் அடிக்காது, பயப்படாதீங்க! பொடிசா இருக்க கறுப்பு உலர்திராட்சை அது, கிரேக்க நாட்டு கொரிந்த் ஊரு பேரு மருவி இப்படி ஆயிட்டு. ஸ்பெல்லிங்ல மத்ததுக்கு இ வர்ற இடத்துல இதுக்கு ஏ வரும், அவ்வளவுதான். கடையில கிடைக்கலன்னா கறுப்பு கிஸ்மிஸ பொடியா நறுக்கிப் போடுங்க.