மூக்குக்கண்ணாடியும் வி.ஆர். ஹெட்செட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கண் நலப் பகுதிக்கு வரும் கடிதங்களில், திரையும் லென்ஸும் கொண்ட ஹெட்செட்டைக் கண்ணை மூடும்படி மாட்டிக்கொண்டு ஆடும் வி.ஆர். (மெய்நிகர்) விளையாட்டு பற்றிய சந்தேகங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஏற்கெனவே கண்ணாடி அணிந்திருப்பவர்கள்தாம் அதிகம் எழுதுகிறார்கள் என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு இரண்டு கண்களிலும் மைனஸ் 3.5 பவர். அண்மையில் மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் வாங்கினேன். கண்ணாடியோடு மாட்டினால் மூக்கின் மேல் அழுத்துகிறது. கழற்றும்போது கண்ணாடியும் கூடவே வந்துவிடுகிறது. “கிட்டப்பார்வை உள்ளவனுக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத்தானே தெரியும்? திரை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது, கண்ணாடி எதற்கு?” என்று விடுதி நண்பன் கேட்கிறான். அவன் சொல்வது சரிதானா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: உங்கள் நண்பரின் வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது, ஆனால் ஹெட்செட்டுக்குள் இருக்கும் லென்ஸை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில் இருப்பது உண்மை. அவ்வளவு நெருக்கத்தில் உள்ள பொருளை ஆரோக்கியமான கண்ணாலும் தெளிவாகப் பார்க்க இயலாது என்பதால்தான் நடுவில் லென்ஸை வைக்கிறார்கள். அந்த லென்ஸ் திரையின் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளி, பெரும்பாலான ஹெட்செட்களில் ஏறத்தாழ 1.3 மீட்டரிலிருந்து 2 மீட்டர் தொலைவில் நிறுத்துகிறது. விளையாட்டில் நீங்கள் தொலைவில் ஒரு மலையைப் பார்த்தாலும் சரி, கையில் பிடித்திருக்கும் வாளைப் பார்த்தாலும் சரி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைப் பொறுத்தவரை இரண்டும் அதே தொலைவில்தான் இருக்கின்றன.

கிட்டப்பார்வை உள்ள ஒருவருக்குக் கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தொலைவு வரை தெளிவாகத் தெரியும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: ஒரு மீட்டரைப் பவர் எண்ணால் வகுத்தால் போதும். உங்களுக்கு அது சுமார் 29 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் மங்கல், ஹெட்செட்டில் தெரியும் பிம்பமும் அதில் அடக்கம். மைனஸ் 0.5 உள்ளவருக்கு இதே கணக்கில் 2 மீட்டர் வருகிறது என்பதால், சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இல்லாவிட்டால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளையாடலாம். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி அழுத்தும் பிரச்சினைக்கு வருவோம். குவெஸ்ட் 3-இல் முகத்தில் படியும் பட்டையை முன்னும் பின்னும் நகர்த்த முடியும். உட்புறத்தில் இரு பக்கமும் உள்ள பொத்தான்களை அழுத்தியபடி இழுத்தால் அது நான்கு நிலைகளில் நிற்கும். பலர் அப்படி ஒரு வசதி இருப்பதையே கவனிப்பதில்லை. முதலில் பட்டையை ஹெட்செட் லென்ஸிலிருந்து மிகத் தொலைவான நிலைக்குக் கொண்டுபோய்விட்டு, கண்ணாடி எங்கும் இடிக்காத வரை ஒவ்வொரு நிலையாக உள்ளே தள்ளிக்கொண்டு வாருங்கள். 2020-இல் வந்த குவெஸ்ட் 2-இல் இந்த ஏற்பாடு கிடையாது. அதற்குப் பதிலாகப் பெட்டியிலேயே இடைவெளியைக் கூட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசரைப் போட்டுக் கொடுத்தார்கள். பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 என்ற ஹெட்செட்டில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு முன்பகுதி முழுவதையும் முகத்திலிருந்து தள்ளி வைக்கலாம். கண்ணாடிக்காரர்களுக்கு ஆகச் சௌகரியமானது இந்த முறைதான் என்பது என் கருத்து, ஏனெனில் அதில் எடையை நெற்றி வளையம் தாங்கிக்கொள்கிறது, மூக்கின் மேல் பாரம் இறங்குவதில்லை.

தொலைவைக் கூட்டுவதில் ஒரு நட்டம் உண்டு. ஜன்னலை ஒட்டி நின்றால் தெருவின் இரு முனையும் தெரிவதும், அறையின் நடுவுக்குப் பின்வாங்கினால் எதிர் வீடு மட்டுமே தெரிவதும்போல, கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையில் கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காட்சியின் பரப்பைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆகவே இடிக்காத அளவுக்கு விலகியிருந்தால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

எந்த ஃப்ரேமும் எல்லா ஹெட்செட்டிலும் நுழைந்துவிடாது. குவெஸ்ட் 2-க்கு மெட்டா நிறுவனமே கொடுத்த வரம்பு, அகலம் 142 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர் என்பதாகும். இதைப் படித்துவிட்டுப் பலர் கண்ணாடிக் கம்பியின் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். அங்கே 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். அதில் உள்ள 140-ஐ ஃப்ரேமின் அகலம் என்று எடுத்துக்கொள்வது தவறு. அது காதுக்குப் போகும் கம்பியின் நீளம். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம். முழு அகலம் தெரிய வேண்டுமென்றால், ஒரு கீல் முனையிலிருந்து மறு கீல் முனை வரை ஸ்கேலை வைத்து அளப்பதே நல்லது.

கண்ணாடி கூடவே கழன்று வருவது பெரும்பாலும் மாட்டும் வரிசையால் நேர்கிறது. தொப்பியைப்போல் மேலிருந்து கீழே இறக்காதீர்கள். தலையைச் சுற்றும் பட்டையை முழுக்கத் தளர்த்தி, முன்பகுதியைக் கண்ணாடியின் மேல் நேராகப் பொருத்திய பிறகு பின்பட்டையைத் தலைக்குப் பின்னால் இறக்குங்கள். கழற்றும்போது பின்பட்டையை முதலில் தூக்கிவிட்டு, முன்பகுதியைக் கிடைமட்டமாக முன்னால் இழுங்கள்.

கேள்வி: குவெஸ்ட் லென்ஸின் நட்டநடுவே ஒரு கீறல் விழுந்திருக்கிறது. என் கண்ணாடியால்தான் ஆகியிருக்கும் என்கிறார்கள். எனக்குப் பிளஸ் 4 பவர். மைனஸ் பவர் உள்ள என் தம்பியும் அதே ஹெட்செட்டில்தான் விளையாடுகிறான், அவனால் ஆகியிருக்காதா?
– வாசகி, மதுரை

பதில்: கீறல் நடுவில் இருப்பதால் ஐயம் உங்கள் பக்கமே சாய்கிறது. பிளஸ் லென்ஸ் நடுவில் தடித்து முன்பக்கம் புடைத்திருக்கும்; ஹெட்செட் லென்ஸை முதலில் தொடுவது அந்தப் புடைப்புதான். மைனஸ் லென்ஸோ நடுவில் மெலிந்து, முன்பக்கம் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். அதன் தடிப்பு ஓரத்தில் சேர்கிறது. எனவே தம்பியின் கண்ணாடி இடித்திருந்தால், பெரும்பாலும் ஃப்ரேமின் விளிம்பு பட்டு, அடையாளம் ஓரத்தில் விழுந்திருக்கும்.

இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்தான் என்றாலும் போட்டி சமமானதன்று. மூக்குக்கண்ணாடியின் லென்ஸ்களுக்குக் கீறல் தாங்கும் கடினப் பூச்சு இருப்பது இன்று வழக்கம். ஹெட்செட் லென்ஸ் அதைவிட மிருதுவானது. மேலும், கண்ணாடியில் கீறினால் கடையில் லென்ஸை மாற்றிவிடலாம். ஹெட்செட்டில் விழுந்த கீறல் பெரும்பாலும் அதன் ஆயுள் வரைக்கும் கூடவே வரும். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கீறல் இருந்த இடத்தில் பனிமூட்டம்தான் மிஞ்சும்.

இனிமேல் உங்கள் முறை வரும்போது முகத்தில் படியும் பட்டையை இன்னொரு நிலை வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். மாட்டிய பின் கண்ணை இறுக்க மூடி முகத்தைச் சுளித்துப் பாருங்கள். அப்போது கண்ணாடியில் “டிக்” என்று ஏதாவது பட்டால் இடைவெளி போதவில்லை. புதுக் கண்ணாடி வாங்கப் போகிறீர்களானால், சிறிய ஃப்ரேமும் ஒளிவிலகல் எண் கூடிய மெல்லிய லென்ஸும் கேட்டு வாங்கலாம். புடைப்பு கணிசமாகக் குறையும்.

துடைக்கும்போதும் கீறல் விழும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் தூசியை ஊதி அகற்றிவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெதுவாகத் துடையுங்கள்; சேலைத் தலைப்பும் ஸ்பிரிட்டும் கூடாது. வெயில் படும் மேசையில் லென்ஸ் மேல்நோக்கி இருக்க வைத்துவிட்டுப் போகவும் கூடாது. அந்த லென்ஸ் வெயிலைத் திரையில் குவித்து, சிறிது நேரத்திலேயே அழியாத புள்ளியாகச் சுட்டுவிடும்.

கேள்வி: வயது 52. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் உள்ள புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன். மகன் வாங்கிய ஹெட்செட்டில் மேசைப்பந்து விளையாடப் பழகிவருகிறேன். மட்டையைக் குனிந்து பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டினால் தெளிவாகுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: மாட்டினால் எல்லாமே மங்கும். கையில் இருக்கும் மட்டை கிட்டத்தில் இருப்பதாக மூளை நம்புகிறது. ஆனால் முதல் பதிலில் சொன்னபடி, அதன் பிம்பமும் ஒன்றரை மீட்டர் போன்ற தொலைவிலேயே நிற்கிறது. நீங்கள் குனிந்து பார்க்கும்போது விழி புரோகிரசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதிக்கு, அதாவது ஓரடி தொலைவில் இருக்கும் செய்தித்தாளைப் படிப்பதற்கான பகுதிக்கு இறங்கிவிடுகிறது. நிஜ உலகில் உதவுகிற அந்தப் பவர், இங்கே இல்லாத ஒரு கிட்டத்தைத் தேடிப் படத்தைக் கலைக்கிறது. மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரு பகுதி கொண்ட பைஃபோகல் அணிபவர்களுக்கும் இதே அனுபவம்தான்.

விழியை மட்டும் தாழ்த்தாமல் தலையையே தாழ்த்திப் பாருங்கள். பார்வை லென்ஸின் மேல்பகுதி வழியாகவே போகும். அதைவிட எளிய வழி, தூரப் பார்வைக்கு மட்டுமான பவர் போட்ட சிறிய கண்ணாடி ஒன்றை விளையாட்டுக்கென்று தனியாக வைத்துக்கொள்வது. பழைய தூரக் கண்ணாடி அலமாரியில் கிடந்து, பவரும் அதிகம் மாறியிருக்காவிட்டால் அதுவே போதும். வயது அறுபதைத் தாண்டி, கண்ணின் குவியும் திறன் ஏறக்குறைய நின்றுபோனவர்களுக்குத் தூரப் பவரோடு அரைப் புள்ளி பிளஸ் சேர்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கலாம். கண் பரிசோதகரிடம் ஒன்றரை மீட்டருக்குப் பார்க்கச் சொன்னால் சோதனைச் சட்டத்திலேயே தெரிந்துவிடும்.

இதில் உங்கள் வயதுக்காரர்களுக்கு ஓர் ஆதாயமும் இருக்கிறது. இளைஞர்களின் கண்கள் மட்டையைப் பார்க்க உட்பக்கம் திரும்பும்போது, குவியமும் கூடவே கிட்டத்துக்கு வர முயன்று, பிம்பம் அங்கே இல்லாததால் திணறுகிறது. நீண்ட நேரம் விளையாடிய பின் வரும் கண் அசதிக்கு இது ஒரு முக்கியக் காரணம். குவியும் திறன் குறைந்துவிட்ட கண்ணில் அந்த இழுபறியும் குறைவு.

கேள்வி: ஹெட்செட்டுக்குள் பொருத்தும் பவர் லென்ஸ் வாங்குவது நல்லதா, கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்வது நல்லதா? என் பவர் மைனஸ் 7, சிலிண்டரும் உண்டு.
– மென்பொருள் பணியாளர், சென்னை

பதில்: தினமும் விளையாடுபவராக இருந்தால், உங்கள் பவருக்கு உள்லென்ஸ்தான் என் பரிந்துரை. ஹெட்செட் லென்ஸின் மேல் ஒரு வளையத்தைப்போல் உட்கார்ந்துகொள்வதால் உரசலும் இல்லை, மூக்கில் பாரமும் இல்லை. கண் நெருங்கிவருவதால் காட்சியின் பரப்பும் மீண்டும் விரிகிறது. ஆனால் அதைப் பொருத்திய பிறகும் முகத்தில் படியும் பட்டையைக் கண்ணாடிக்கான தொலைவிலேயே விட்டுவைத்தால் பாதிப் பயன் போய்விடும். காந்தத்தால் ஒட்டும் வகையை வாங்கினால், வீட்டில் மற்றவர்கள் விளையாடும்போது கழற்றி வைக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போது ஸ்ஃபியர் (முதன்மைப் பவர்), சிலிண்டர், ஆக்ஸிஸ் (சிலிண்டரின் கோணம்) ஆகிய மூன்றையும், இரண்டு விழிப்பாவைகளுக்கு இடையிலான தொலைவையும் கண் பரிசோதனைச் சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். வந்து சேர்ந்ததும் வலது, இடது குறியைப் பார்த்து மாட்டுங்கள். இரண்டும் இடம் மாறிவிட்டால் சிலிண்டர் உள்ளவருக்குத் தலைவலி நிச்சயம்.

ஆப்பிள் விஷன் புரோ ஹெட்செட்டில் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கும் வழியே இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவி, மூக்குக்கண்ணாடிக்கு இடம் விட்டு வடிவமைக்கப்படவில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடாதவர்கள், ஸெய்ஸ் நிறுவனம் தயாரிக்கும் காந்த லென்ஸை 149 டாலருக்குத் தனியே வாங்க வேண்டும், வெறும் வாசிப்புப் பவர் என்றால் 99 டாலர்.

நீங்கள் ஏற்கெனவே கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். விளையாட்டில் மூழ்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து லென்ஸ் உலர்ந்துவிடும் என்பதால், அரை மணிக்கு ஒருமுறை ஹெட்செட்டைக் கழற்றிக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். ஹெட்செட்டுக்காக மட்டும் புதிதாகக் கான்டாக்ட் லென்ஸ் பழக வேண்டிய அவசியமில்லை.

கேள்வி: ஒன்பது வயது மகன் கண்ணாடி அணிகிறான். வி.ஆர். கேட்டு அடம்பிடிக்கிறான். விளையாடினால் பவர் ஏறிவிடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பவரைப் பற்றிய கேள்விக்கு முன்பே வயது குறுக்கே நிற்கிறது. மெட்டா நிறுவனம் 10 வயதிலிருந்து, அதுவும் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கில்தான் அனுமதிக்கிறது, பிளேஸ்டேஷன் வி.ஆர்.2-க்கு 12 வயது ஆக வேண்டும். கண் தொடர்பான காரணம் ஒன்றும் இருக்கிறது. குவெஸ்ட் 2-இல் லென்ஸ்களுக்கு இடையிலான தொலைவை 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகளில் மட்டுமே வைக்க முடியும். சிறு பிள்ளைகளின் விழிப்பாவைத் தொலைவு பெரும்பாலும் 58-க்கும் குறைவு. அப்படி இருக்கும்போது அவன் லென்ஸின் நடுவை விட்டு ஓரம் வழியாகவே பார்ப்பான். கண்ணாடி அணிந்திருந்தாலும் தெளிவு கிடைக்காது. ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள், அதுவரை மாலையில் வெளியே விளையாட அனுப்புங்கள். வெளிச்சத்தில் திறந்த வெளியில் கழியும் நேரம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது என்பது கண் மருத்துவத்தில் நன்கு நிலைபெற்ற செய்தி.

கேள்வி: எனக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே சோம்பேறிக் கண். கண்ணாடி போட்டும் அதில் பார்வை முழுதாக வராது. எனக்கு வி.ஆர். வீண் செலவுதானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முழு வீண் என்று சொல்ல மாட்டேன். இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் தலையை அசைக்கும்போது அருகில் உள்ளவை விரைந்தும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் நகர்வதைக் கொண்டு ஒற்றைக் கண்ணாலும் ஆழத்தை உணர முடியும். சாதாரண முப்பரிமாணத் திரைப்படத்தில் கிடைக்காத இந்த வசதி, தலையின் அசைவைத் தொடர்ந்து கவனிக்கும் ஹெட்செட்டில் கிடைக்கிறது. பந்தைப் பிடிப்பது, பறந்து வருவதை வெட்டுவது போன்ற விளையாட்டுகளில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கலாம். சுற்றிப் பார்க்கும் விளையாட்டுகளில் வேறுபாடு அதிகம் தெரியாது.

சோம்பேறிக் கண்ணுக்கு ஹெட்செட்டைக் கொண்டே சிகிச்சை அளிக்கும் முறையும் வந்திருக்கிறது. லுமினோபியா என்ற முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக ஒப்புதல் கொடுத்தது. நல்ல கண்ணுக்குக் காட்டும் படத்தின் வலிமையைக் குறைத்து, இரு கண்களையும் சேர்ந்து வேலை செய்யவைக்கும் காணொளிகள் அதில் ஓடுகின்றன. அது மருத்துவர் எழுதிக்கொடுத்து நடப்பது. கடையில் வாங்கும் விளையாட்டு அந்தப் பலனைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன், நண்பர் யாரிடமாவது ஹெட்செட் இருந்தால் உங்கள் கண்ணாடியோடு அரை மணி நேரம் அணிந்து பாருங்கள். காட்சி இரட்டையாகத் தெரிந்தாலோ தலை சுற்றினாலோ வாங்குவதை ஒத்திவைத்துவிட்டு, முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.